சல்மாவின் பெருநாள் காசு

சதுரங்கப்பட்டினம்
8-8-1976

அக்காவுக்கு அமீர் ஸலாம்.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். டிசம்பர் லீவில் மச்சான் ஊருக்கு வரும்போது சல்மாவையும் அழைத்து வரச் சொல். வந்தவள் திரும்ப வேண்டாம். என்னோடு இருப்பாள்.

சல்மாவைப் பெற்ற அன்றைக்கே ஷரீபுன்னிசா மௌத்தானபோது நான் அப்ரண்டிஸ். கையில் சம்பளமும் இல்லை, தங்க இடமும் இல்லை. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடித்த கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினாய். 'உனக்கு ஒரு வழி பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று நீதான் சொன்னாய். நான் மறக்கவில்லை. இப்போது வழி பிறந்துவிட்டது. கல்பாக்கத்தில் காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருக்கிறேன். வேலை இன்னும் பல வருஷம் ஓடும். சதுரங்கப்பட்டினத்தில் இரண்டு அறை வைத்த வீடு எடுத்திருக்கிறேன். ஓடு மாற்றியாயிற்று. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. செங்கல்பட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கேட்டேன், நடுவருஷத்திலும் சேர்த்துக்கொள்வார்களாம்.

எட்டு வயதாகிறது. பெற்ற தகப்பனை மாமா என்று கூப்பிடுகிறாள். வருஷம் ஒரு வாழ்த்து அட்டை வருகிறது, 'அன்புள்ள அமீர் மாமாவுக்கு' என்று. அடுத்த அட்டை அப்படி வரக் கூடாது.

நான் சண்டை போடவில்லை. எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, உனக்கே தெரியும். சைட்டில் பகல் ஷிப்டு முடிந்து வந்து எழுதுகிறேன், இடுப்பு கழன்று போகிறது. இங்கே யாவரும் நலம் என்று எழுத யாவரும் இல்லை. நான் நலம்.

தம்பி
அமீர்


சிங்கப்பூர்
25-8-1976

தம்பி அமீருக்கு அக்கா ஜஹனாராவின் துஆ.

உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்ததால் மச்சான்தான் முதலில் படித்தார். படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். நான் சாப்பிட்டேனா என்று பார்த்துவிட்டுக் கொடுத்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

ஓடு மாற்றினாய், தண்ணீர் நன்றாக இருக்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறாய். அவளுக்கு யார் தலை வாருவார்கள் என்று எழுதவில்லையே. மாதம் ஒருமுறை தொண்டை கட்டிக் காய்ச்சல் வருகிறது. மருந்தைக் கையில் கொடுத்தால் சன்னலுக்கு வெளியே கொட்டிவிடுவாள், பக்கத்திலேயே உட்கார்ந்து விழுங்க வைக்க வேண்டும். நீ விடிகாலையில் சைட்டுக்குப் போனால் இருட்டி வருகிறவன்.

கொடுத்து வைத்த சாமானைத் திருப்பிக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். கோபப்படாதே. கொடுத்து வைத்ததுதான், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் என் மகன் சுலைமானுக்கு அவள் தங்கை. தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் அவள் உன் மச்சான் மொய்னுதீனின் மகள். நான் வேறு மாதிரி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நாள் வரும் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த நாள் தள்ளித் தள்ளிப் போகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்னும் ஒரு வருஷம் கொடு. அல்லது நீ கல்யாணம் பண்ணிக்கொள், வீட்டில் ஒரு பெண் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும். அதற்கும் நீ என்ன பதில் எழுதுவாய் என்று தெரியும்.

எட்டு வருஷமாக யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதிலேயே பழகிவிட்டேன் போலிருக்கிறது. அசதியாக இருக்கிறது, அமீர்.

அக்கா
ஜஹனாரா


சதுரங்கப்பட்டினம்
9-9-1976

அக்காவுக்கு,

ஒரு வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் நீ இதே கடிதத்தைத்தான் எழுதுவாய்.

தலை வாருவது ஒரு பிரச்சினை என்றால் முடியை வெட்டிவிடலாம். சமையலுக்குச் சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா வருகிறாள், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். மருந்து கொடுக்கச் சொன்னால் மூக்கைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள். கல்யாணப் பேச்சை எடுக்காதே.

பெருநாள் வருகிறது. இதுவரை நான் அவளுக்குப் பெருநாள் காசு என்று எதுவும் கொடுத்ததில்லை. படாளத்துக் காசிநாதன் அங்கே கப்பல் பட்டறையில் பிட்டராக இருக்கிறானே, அவன் வீட்டுக்கு நான் இங்கே ரூபாயாகக் கொடுத்துவிட்டேன். அதற்கு ஈடாக அவன் உன் வீட்டில் வந்து கொடுப்பான். சல்மாவுக்கு ஐம்பது வெள்ளி, சுலைமானுக்கு ஐந்து வெள்ளி. பிள்ளைகள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர். அதில் மாற்றம் இல்லை.

அமீர்


சிங்கப்பூர்
5-10-1976

தம்பி அமீருக்கு துஆ.

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. காசிநாதன் வந்தான், பிரியாணி சாப்பிட்டான், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு உறை கொடுத்தான். சுலைமான் தன் உறையைப் பிரித்துப் பார்த்தான், பிறகு அவளுடையதை எட்டிப் பார்த்தான். "அது ஏன் இவளுக்கு மட்டும் அம்மாம் பெரிசு?" என்றான். காசிநாதன் என் முகத்தைப் பார்த்தான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மச்சான் கொடுத்தது இருவருக்கும் பத்து பத்து வெள்ளி. பெருநாள் காசு கொடுப்பதில் கூடவா அமீர் உனக்கு அவசரம்? உன் மகள் என்று ஊருக்குச் சொல்ல இதைவிடப் பெரிய மைக் வேண்டாம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நம் அம்மா சொல்லும். பெருநாள் காசு பிள்ளைகளுடையது, அதில் பெரியவர்கள் கையும் வைக்கக் கூடாது வாயும் வைக்கக் கூடாது. நீ ஒரு பெருநாளுக்கு செங்கல்பட்டுக் கடைத்தெருவில் சைக்கிள் பெல் வாங்கினாய். வீட்டில் சைக்கிளே கிடையாது. அத்தா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். இங்கேயும் அதே சட்டம்தான். பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடையைப் பாதி நாள் மூடுவார், நாலு பேரும் பெரிய கடைக்குப் போவோம். பிள்ளைகள் முன்னால், நாங்கள் பின்னால். என்ன வாங்கினாலும் பேசக் கூடாது.

இந்த வருஷம் ஆறு மாடிக் கடை. நகரும் படிக்கட்டில் போன வருஷம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏறினவள், இந்த வருஷம் குதித்து ஏறினாள். எனக்குத்தான் கால் தடுமாறியது. சுலைமான் நேராகப் பொம்மை ரயிலிடம் போய் நின்றுவிட்டான். பாட்டரியில் ஓடுகிறது, புகைகூட விடுகிறது. அவன் கையில் இருந்தது பதினைந்து, ரயில் முப்பது. பையன் கேட்கவில்லை, விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். மச்சானின் கை சட்டைப்பைக்குப் போனது. நான் கண்ணைக் காட்டினேன், வெறும் கையை வெளியே எடுத்துவிட்டார். சட்டம் என்றால் சட்டம்.

சல்மா பொம்மைப் பக்கம் போனாள். கண்ணை மூடித் திறக்கிற பொம்மை ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சட்டி பானை, ஆணி, கம்பி விற்கிற மாடிக்குப் போனாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே ஒரு பூட்டு வாங்கினாள். உள்ளங்கை அளவு பித்தளைப் பூட்டு. விற்கிற சீனத்துப் பெண் சிரித்தாள்.

சுலைமான்தான் கேட்டான், "உனக்கு எதுக்குடி பூட்டு?"

"நான் ஊருக்குப் போனதும் நீ என் மேசை டிராயரைக் கொடைவ. நான் திரும்பி வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது."

"உன் டிராயர்ல இன்னா கீது, ஒடைஞ்ச கிரேயானு."

"அதான் பூட்டப் போறேன்."

மச்சான் திரும்பி மின்விசிறிகளைப் பார்க்கத் தொடங்கினார். ஏற்கெனவே இரண்டு இருக்கிறது வீட்டில்.

அதோடு முடியவில்லை. மீதிப் பணத்தை எடுத்து அந்த மேசைமேலேயே பரப்பினாள். சுலைமானுடையதையும் வாங்கிச் சேர்த்தாள். "மாமா கொடுத்ததுல தப்பு ஆயிடுச்சு, ரெண்டு பேருதையும் கூட்டிப் பாதி பண்ணணும், மாமாவுக்குக் கணக்கு வராது போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பங்கு பிரித்தாள். பையன் ரயில் வாங்கிவிட்டான். பஸ்ஸில் இரண்டும் ரயில் இருந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டன. நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உனக்கு இப்போது தெரிந்திருக்கும். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. லீவுக்கு ஊருக்குப் போகிறாய், மாமாவோடு கொஞ்ச நாள் இருப்பாய் என்றுதான் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரமாட்டாய் என்கிற வார்த்தைக்கு வாய் திறக்கவில்லை.

அக்கா


சதுரங்கப்பட்டினம்
19-10-1976

அக்காவுக்கு,

ஐம்பது, ஐந்து விஷயத்தில் நான் செய்தது முட்டாள்தனம். சுலைமானிடம் சொல்லிவிடு. எனக்குக் கணக்கு வராது என்று அவள் சொன்னதை சைட்டில் கூட வேலை செய்கிற ராஜாராமிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

மற்றதற்கு வருகிறேன். கான்கிரீட்டில் பொந்து விழுந்தால் இடித்துவிட்டு மறுபடி போட வேண்டும். மேலே சிமெண்டைப் பூசி மறைக்கிற மேஸ்திரியை நான் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். நீ பூசி மறைத்திருக்கிறாய். லீவு என்று சொல்லி அனுப்பினால், இங்கே வந்து லீவு முடிகிற அன்றைக்கு அவள் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பாள். அப்போது பொய் சொன்னவன் நான் ஆவேன். கப்பல் ஏறுவதற்கு முன்னால் உண்மையைச் சொல். பெற்றவள் பெயரைச் சொல். என் பெயரைச் சொல். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும், நாம்தான் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். சின்னப்பொண்ணு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னா சார், பொண்ணு வருதுன்னு வூட்டையே மாப்பிள்ளையாட்டம் ஜோடிச்சுகினு கீறே. பொண்ணுக்கு உன்னைத் தெரியுமா?" என்றாள். உன் வேலையைப் பார் என்றேன். ஒரு நாள் முழுக்க எனக்கு உப்பில்லாத குழம்பு.

சொல்லிவிடு, அக்கா. எனக்கும் அலுத்துவிட்டது.

அமீர்


சிங்கப்பூர்
14-11-1976

தம்பி அமீருக்கு,

மூன்று முறை உட்கார வைத்தேன். ஒவ்வொரு முறையும் கையில் சீப்பை எடுத்துக்கொண்டேன், தலை வாரிக்கொண்டே சொல்லலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று. பின்னல் முடிந்துவிடுகிறது, பேச்சு வருவதில்லை. ஒரு முறை அவிழ்த்து மறுபடியும் பின்னினேன். "அம்மா, நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள்.

என்னால் ஆகாது. உண்மை சொல்லத் தெரிந்தவன் நீ. நீயே சொல்லு.

மச்சானோடு அனுப்புகிறேன். பெட்டியில் அவள் துணிகள் எல்லாம் இருக்கின்றன, லீவுக்கு இவ்வளவா என்று கேட்டாள், மழைக்காலம் என்று சொன்னேன். தொண்டை மருந்து துணிக்கு நடுவில். முட்டையை வேக வைத்தால் மஞ்சள் கருவை மட்டும் தின்பாள். அதற்காகத் திட்டாதே. முடியை வெட்டாதே.

கப்பலடிக்கு நான் போகப் போவதில்லை. வீட்டு வாசலிலேயே அனுப்பிவிடுவேன். அவள் உன்னுடையவள்தான். வளர்த்தேன் என்று சொல்லிப் பங்கு கேட்க மாட்டேன். அம்மா மேல் ஆணை.

அக்கா


சதுரங்கப்பட்டினம்
16-12-1976

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தாள். கப்பலில் இரண்டு நாள் வாந்தி, பிறகு சரியாகிவிட்டது. மச்சான் கோவளத்தில் அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். இவளை இங்கே விட்டுவிட்டுப் போகும்போது பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தார்.

வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "மாமா, உங்க வூட்ல ரேடியோ இல்லியா?" என்றாள். வாங்கிவிட்டேன். மஞ்சள் கரு மட்டும்தான் தின்கிறாள், வெள்ளையை நான் தின்கிறேன். தலை சின்னப்பொண்ணு வாருகிறாள். அம்மா மாதிரி இழுக்காமல் வாரத் தெரியவில்லை என்று புகார். பேச்சு நிற்பதே இல்லை. சைட்டில் இரைச்சலிலேயே இருந்துவிட்டு வருகிறவனுக்கு இது வேறு மாதிரி இரைச்சல்.

இன்னும் சொல்லவில்லை. இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

அமீர்


சிங்கப்பூர்
26-12-1976

அமீருக்கு,

சொன்னாயா? ஒரு வரி எழுது. சுலைமான் ரயிலை எடுப்பதே இல்லை. தனியாக ஓட்டினால் நன்றாக இல்லையாம். கடைப் பையன்களுக்குச் சோறு கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சொன்னதும் அவள் என்ன கேட்டாள், அழுதாளா, அதை மட்டும் எழுது. என்னைத் திட்டியிருந்தாலும் எழுது.

அக்கா


சதுரங்கப்பட்டினம்
6-1-1977

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். கையில் காசு கொடுத்து, என்ன வேண்டுமோ வாங்கிக்கொள், நான் பின்னால் வருகிறேன் என்றேன். நம் வீட்டுச் சட்டம் எனக்கும் தெரியும் என்று காட்ட வேண்டாமா. வரிசையாகச் சிப்பிக் கடைகள். எல்லாவற்றிலும் நின்றாள், எல்லாவற்றையும் தொட்டாள், கடைக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். கடைசியில் ஒரு சோழி பதித்த பெட்டியை எடுத்தாள். அந்தக் கடைக்காரன் மூடியில் பெயர் எழுதிக் கொடுக்கிறவன்.

"இன்னா பேர் போடணும் பாப்பா?"

"அம்மா."

"அம்மா பேர் இன்னா?"

"அம்மாதான்."

அவன் சிரித்துக்கொண்டே அப்படியே எழுதிக் கொடுத்தான். கடற்கரைக்கு வந்து பாறையில் உட்கார்ந்தோம். இதற்கு மேல் தள்ளினால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. சுற்றி வளைக்கவில்லை. நான்தான் உன் அத்தா என்றேன். உன்னைப் பெற்றவள் ஷரீபுன்னிசா, நீ பிறந்த அன்றைக்கே அல்லாஹ்விடம் போய்விட்டாள் என்றேன். எனக்கு அப்போது வழி இல்லை, அதனால் அங்கே வளர்ந்தாய், இனி இங்கே இருப்பாய் என்றேன். முழுதும் சொல்லி முடித்தேன்.

அழவில்லை. காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஏன் என்னை விட்டீர்கள், என்னைப் பெற்றவர்கள் பார்க்க எப்படி இருப்பார்கள், போட்டோ இருக்கிறதா, எல்லாவற்றுக்கும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

உன்னைத்தான் கேட்கிறாள். உண்மை ஒரே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவள் எனக்குக் கிடைத்திருப்பாள், எட்டு வருஷம் பொய் சொன்னவளாக நீ நின்றிருப்பாய். வாயில் வந்த வார்த்தை வேறு.

"தெரியாது" என்றேன்.

"அப்ப சொல்லிடாதீங்க மாமா. அம்மா அழுவும்."

சரி என்றேன். அதற்குப் பிறகு எழுந்து தண்ணீரில் போய் நின்றாள். திரும்பி வந்தபோது, கப்பல் எப்போது என்று கேட்டாள். இங்கேதான் இருக்க வேண்டும் என்று சற்று முன்னால் சொன்னேனே, அதை அவள் கேட்டதாகவே வைத்துக்கொள்ளவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தான் பெற்ற பிள்ளையா இல்லையா என்பது உனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இன்னும் தோன்றவில்லை. பத்து வயதில் தோன்றும். நான் போட்டிருக்கும் பூச்சு இரண்டு வருஷம் தாங்கும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. அதற்குள் நீ பேசக் கற்றுக்கொள்.

மச்சானுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். இந்த மாதக் கப்பலில் இரண்டு பேரும் ஏறுகிறார்கள், இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும், காய்ச்சல் என்று எழுதிக் கொடு. வீட்டைக் காலி செய்யவில்லை. அடுத்த டிசம்பரிலும் லீவு வரும்.

அவள் ஒரு ரகசியத்தோடு வருகிறாள். வந்ததும் உன் முகத்தையே பார்ப்பாள், நீ ஏதாவது தெரிந்துகொண்டாயா என்று. கட்டிப்பிடித்து அழுதுவிடாதே. என்ன சொன்னான் மாமா என்று கேட்காதே. தலை எண்ணெய் இல்லாமல் வறண்டிருக்கிறதே என்று திட்டிக்கொண்டு சீப்பை எடு.

உனக்கு ஒன்றும் தெரியாது, அக்கா.

தம்பி
அமீர்